ஆஸ்கருக்காக ஜெபிக்கிறோம்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் நயீம் அகமது, மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். முதலில் இருபது பேர். இன்று முந்நூறு. அதில் மீன் வளர்ப்பவர்கள் பாதிப் பேர் இருந்தாலே ஜாஸ்தி. மற்றவர்கள் காலையில் ரோஜாப்பூவும் பிறந்தநாளுக்குக் கேக் படமும் அனுப்ப வந்தவர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, ஆனால் பாசத்துக்குக் குறைச்சலில்லை.

நயீம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு அட்மினான ஜெனிஃபாவிடம் போனில் சொன்னார். "கேள்வி கேக்கத் தனியா ஒரு குரூப் போட்டுடலாம்மா. ஒரே பேஜாரா இருக்கு. மீனுக்கு இன்னா ஆச்சுன்னு ஒருத்தன் கேட்டா, பதில் தேடறதுக்குள்ள கண்ணு போயிடுது."

"வேணாம்ண்ணா. எல்லாரும் ஒரே குடும்பமா இருக்கோம். பிரிச்சா மனசு கஷ்டப்படுவாங்க."

ஜெனிஃபா காட்பாடியில் தனியாக இருப்பவள். ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் வேலை. குட்நைட் சொல்ல முந்நூறு பேர் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் வளர்த்தது ஒரே மீன். ஆஸ்கர் என்பது அந்த வகையின் பெயர். அதையே அவள் கூப்பிடும் பெயராகவும் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையைவிடப் பெரிது, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு. ஐந்து வருடமாக அவள் கையிலிருந்துதான் தீனி வாங்கும். அவள் வேலை முடிந்து வந்தால் கண்ணாடியில் வந்து முட்டும்.

அந்த வாரம் அப்பார்ட்மென்டில் போர் மோட்டார் ரிப்பேர். போர் தண்ணீர் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகத் தொட்டிக்குக் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் காலை ஆஸ்கர் மூலையில் சாய்ந்து கிடந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. பதறிப்போய்க் குழுவில் எழுதினாள்: "ஆஸ்கருக்கு மூச்சு வாங்குது. அசையவே மாட்டேங்கிறான். இன்னா பண்றதுன்னு உடனே சொல்லுங்க."

ஒடுகத்தூர் சுந்தரமூர்த்தி முதலில் கைகூப்பும் பொம்மை போட்டார். அதன் பிறகு யாரும் யோசிக்கவில்லை. "ஜெபிக்கிறோம் சிஸ்டர்." "துவா செய்றோம்." "முருகன் துணை." "பையனுக்கு என்ன வயசு?" "எந்த வார்டு?" கிறிஸ்தவர் வீட்டில், அதுவும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் வீட்டில், ஆஸ்கர் என்று ஒரு பிள்ளை இருக்கக்கூடாதா என்ன!

ஜெனிஃபா தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு பதிலும் கண்ணில் படவில்லை. நயீமுக்குப் போன் போட்டாள். கம்பெனிக்குள் போன் கூடாது, அவர் எடுக்கவில்லை. "ஆஸ்கர் என் மீனுங்க!" என்று எழுதிவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தாள். தொட்டிக்குள் கைவிட்டு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாய் அசைவது நின்றது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதாள்.

மத்தியானம் போனை எடுத்தபோது குழு அடையாளமே தெரியவில்லை. மீன் என்று தெரிந்ததும் ஜெபித்தவர்களுக்கெல்லாம் வெட்கமாகிவிட்டது. "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்று வரிசையாக நின்றது. ஜெபம், துவா, முருகன் எல்லாம் போயிருந்தன. மீனுக்கென்றால் ஜெபிக்கக்கூடாதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நடுவில் ஒன்றே ஒன்று நீக்கப்படாமல் இருந்தது. ஆபித் பாஷா எழுதியது. குழுவில் அதிகம் வாய் திறக்காதவர். அவள் கேட்ட இரண்டாவது நிமிடமே எழுதியிருந்தார்: "குழாய்த் தண்ணி ஊத்துனீங்களா? அப்படின்னா குளோரின்தான். மீன் கடைல அதுக்குச் சொட்டு மருந்து இருக்கு, உடனே ஊத்துங்க. பொழைச்சுக்கும்."

மீன் கடை தெருமுனையில்தான். முந்நூறு பேர் இருக்கும்போது கடைக்காரரைப் போய்க் கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

மறுபடி நயீமை அழைத்தாள். சாப்பாட்டு நேரம், எடுத்தார். நடந்ததைச் சொன்னாள். நான் அப்பவே சொன்னேனே என்று அவர் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவர் கேட்கவில்லை.

"தனி குரூப் போட்டுடுங்கண்ணா. கேள்வியும் பதிலும் மட்டும். குட்மார்னிங் போட்டா நானே தூக்கிடறேன்."

"சரிம்மா. முதல்ல யாரைச் சேக்கட்டும்?"

"ஆபித் பாஷாவ."

போனை வைத்துவிட்டு, ஆபித் பாஷா கேட்டிருந்த கேள்விக்குக் கீழே பதில் எழுதினாள். "ஆமாண்ணா. ஊத்துனேன்."