கை பொறுக்கும் சூடு

வாளித் தண்ணீரில் மணிக்கட்டு வரை கை இருக்கிறது, ஆவி முகத்தில் அடிக்கிறது, கை பொறுக்குமான்னு பாத்துட்டு ஊத்துங்க, பிள்ளைக்குத் தோலு மெல்லிசு என்று அடுப்படியிலிருந்து பிரகாசி சொல்கிறாள், பொறுக்கும் பொறுக்கும் என்கிறேன், அமலி ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என் முதுகில் சோப்பு நுரையை அப்பிச் சிரிக்கிறாள், இல்லை, இது வீட்டு வாளி இல்லை, இது கோயிலின் பின்னறை, இன்று பெரிய வியாழன், இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி பங்குச் சாமி பன்னிரண்டு பேர் காலைக் கழுவ வெந்நீர் போடுவது கோயில்பிள்ளையான என் வேலை, மகள் செத்து மூன்று வருடம், அன்றிலிருந்து இந்தக் கைக்குச் சூடும் தெரிவதில்லை குளிரும் தெரிவதில்லை, குத்துமதிப்பாகத்தான் விளாவுகிறேன்.

பன்னிரண்டாவது ஆள் ஞானாதிக்கம், சீட்டுப் போட்டதில் அவன் பெயர் விழுந்தது, வேற ஆளப் போட்டுரவாப்பா என்று சாமி கேட்டார், வேண்டாம் சாமி, இருக்கட்டும் என்றேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஐஸ் லோடு வண்டி ஓட்டுகிறவன், குடித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் பிரேக் என்று நினைத்து மற்றதை மிதித்தவன், அமலி அங்கே நின்றிருந்தாள், ஜெயிலுக்குப் போனான், வந்தான், இப்போது கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறான். அவன் காலுக்குத் தண்ணி ஊத்திட்டு வீட்டுக்கு வராதீங்க என்று பிரகாசி காலையில் சொன்னாள், இட்லி வைத்துக்கொண்டே சொன்னாள், குரலில் கோபம்கூட இல்லை. வீட்டில் செபம் சொல்லும்போது, தீமை செய்தவர்களைப் பொறுப்பது போல என்று வருகிற இடத்தில் அவள் வாயை மூடிக்கொள்வாள், நான் சொல்லிவிடுவேன், பழக்கம்தான், வேறு ஒன்றும் இல்லை.

பதினொரு கால்கள் முடிந்துவிட்டன, தண்ணி தீந்துட்டு சாமி, கொண்டாரேன் என்று பின்னறைக்கு வருகிறேன், அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கிடக்கிறது, பக்கத்தில் பச்சைத்தண்ணீர்க் குடம், குடத்தை நான் தொடவில்லை, செம்பைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கித் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பிரகாசி ஆவியைப் பார்த்து நிமிர்கிறாள். ஞானாதிக்கம் வலது காலை நீட்டியிருக்கிறான், அந்தக் கால்தான், நரம்பு புடைத்து, பெருவிரல் நகம் கறுத்து, யாருக்கும் இருக்கிற மாதிரி ஒரு கால், மூன்று வருடமாக என் தலைக்குள் இருந்தது இதைவிடப் பெரியது. ஊத்துப்பா என்கிறார் சாமி, குனிந்தபடி. அவன் செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காலை இழுக்கவில்லை, ஊத்துங்கண்ணே என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அன்பு சுரந்தது என்று சொன்னால் பொய், இரக்கமும் வரவில்லை, பீடத்துக்கு மேலே சிலுவையில் தொங்கியவர் தொங்கினார், யாரோ இருமினார்கள், இதை ஊற்றிவிட்டால் நாளைக்கும் இந்தக் கால்தான், அமலி முகம் வரவேண்டிய இடத்திலெல்லாம் வெந்துபோன இந்தக் கால்தான் வரும் என்று தோன்றியது, பிறகு, பொறுக்கச் சொன்னவர் மனசு வந்தால் பொறு என்று சொல்லவில்லை என்பதும் தோன்றியது, அவ்வளவுதான், பொறுங்க சாமி என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குத் திரும்பிப் போகிறேன், பாதியைக் கொட்டுகிறேன், குடத்திலிருந்து மொண்டு விளாவுகிறேன், வருகிறேன், பிரகாசி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருக்கிறது, நான் எதற்குத் திரும்பிப் போனேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும், இனி எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியவில்லை, காலுக்கு முன்னால் முட்டி போட்டுச் செம்புக்குள் கையை விடுகிறேன், விரல் நுனியில் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறேன், என்னப்பா, சூடா இருக்கா என்கிறார் சாமி, பொறுக்கும் என்கிறேன், ஊற்றுகிறேன்.