மூன்று சுவர்க் கணக்கு

மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், இரண்டாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் மாரக்காளின் தண்ணீர்ப்பந்தல் இருந்தது. அவளுடைய பந்தல் என்று சொன்னால் அவளே சண்டைக்கு வருவாள். பந்தல் மாரியம்மனுடையது, அதற்கென்று எந்தக் காலத்திலோ எழுதிவைத்த ஒன்றரை ஏக்கரும் கிணறும் மாரியம்மனுடையவை, புருஷன் போன பிறகு மோர்ப்பானையைக் கையில் எடுத்தவள் மட்டும்தான் தான் என்பாள். அந்த நிலத்தில் விளையும் கடலைக்காயை விற்று, மாசி பிறந்ததிலிருந்து ஆடிப் பதினெட்டு வரைக்கும் வழியில் போகிறவர்களுக்கு மோர் ஊற்றினாள். பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை.

பந்தலுக்குப் பின்னால் ஒரு சின்னக் கல்கட்டு அறை. அதன் உட்சுவர்கள் மூன்றும்தான் கணக்குப் புத்தகம். வருஷத்துக்கு ஒரு சுவர். பானை ஒன்று திறந்தால் செம்மண்ணைக் குழைத்து ஒரு பொட்டு. கடலைக்காய் மூட்டை ஒன்று விற்றால் நெட்டுக்கு ஒரு கோடு. தயிருக்கும் உப்புக்கும் மிளகாய்க்கும் காசு கொடுத்தால் குறுக்கே ஒரு கோடு. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் மாரியம்மன் நோம்பி வரும்போது ஊர் கூடும். மாரக்காள் கற்பூரத்தை ஏற்றி, சுவரைப் பார்த்துப் பார்த்துக் கணக்கை ஒப்புவிப்பாள். ஊர் “செரி” என்று சொன்னதும் மூன்று சுவருக்கும் அன்றைக்கே சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். ஒத்துக்கொண்ட கணக்கை அதற்குமேல் ஒரு பொழுதுகூடச் சுவரில் விட்டுவைக்கக் கூடாது. விட்டால், அம்மன் நம்பியதை மனுஷன் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

சர்க்காருக்கும் அதுவரை இது போதுமானதாகத்தான் இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு சீட்டு. ‘தருமம் நடந்துவருகிறது’ என்று எழுதி மணியக்காரர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் முடிந்தது. முப்பத்தாறாம் வருஷம் பங்குனியில் யார் கண் பட்டதோ, அதெல்லாம் மாறிப்போயிற்று. சேலத்துத் தரும ஆபீசிலிருந்து அச்சடித்த பாரம் ஒன்று வந்தது. இனிமேல் வருஷா வருஷம் கணக்கு வரவேண்டும். வரவு தனி, செலவு தனி, ரசீது தனி. போன இரண்டு வருஷத்துக் கணக்கும் கூடவே வரவேண்டும். சித்திரை முடிவதற்குள் வராவிட்டால் நிலத்தை ஆபீசே எடுத்து ஏலத்தில் குத்தகைக்கு விடும்.

மணியக்காரர் இதைப் படித்துச் சொன்னபோது மாரக்காள் பாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரசீதாம் ரசீது! தயிர் கொடுக்கிற செல்லியம்மாள் ரசீதுக்கு எங்கே போவாள்? காலி மொடாவைக் கவிழ்த்துக் காட்டுவாள், அவ்வளவுதான். அந்தப் பாரத்தை அச்சடித்த மகராசன் ஒரு நாளாவது சித்திரை வெயிலில் இந்தச் சாலையில் நடந்திருப்பானா?

வாரம் முழுக்க யோசித்து, மோர்ப்பானையைக் கொழுந்தன் பொறுப்பில் விட்டுவிட்டு, ஒரு புதன்கிழமை பஸ் ஏறிச் சேலம் போனாள். ஆபீஸ் வாசலில் மத்தியானம் வரைக்கும் நின்றாள். போகிறவன் வருகிறவனெல்லாம் பாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “எழுதிக்கிட்டு வாம்மா” என்று திருப்பிக் கொடுத்தான். கடைசியில் சவரியார் என்ற குமாஸ்தாதான் உட்கார வைத்து விசாரித்தார். அவர் தம்முடைய பங்குக் கோயிலில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் கணக்கை எழுதுகிறவர். மோர் ஊற்றுகிறவளின் சங்கடம் அவருக்குப் புரிந்தது.

“ஏனுங் சாமி, எனக்கு எழுத்து வாசனையே கெடையாதுங்க. கணக்கு அத்தனையும் செவுத்துல இருக்குதுங்க. செவுத்தப் பேத்தா கொண்டாரட்டு?” என்றாள்.

சவரியார் சிரிக்கவில்லை. “அந்தப் பொட்டெல்லாம் அன்னன்னிக்கு வெச்சதாம்மா?” என்று கேட்டார்.

“பானை தொறந்தாத்தானுங்க பொட்டு. ஆத்தா மேல ஆணைங்க.”

அவர் உள்ளே போய் ஆபீசரிடம் அரைமணி நேரம் பேசினார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே மாரக்காளுக்கு உயிர் வந்தது. அன்றாடம் குறித்த கணக்கு எதன்மேல் இருந்தாலும் கணக்குத்தான் என்று ஆபீசர் ஒத்துக்கொண்டாராம். வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டுக்கு முகாம் போகும் வழியில் பந்தலில் இறங்கிச் சுவரைப் பார்ப்பாராம், குமாஸ்தா நகல் எடுத்துக்கொள்வாராம். ஒரு மனு எழுதி ஸ்டாம்பு ஒட்ட வேண்டும், ரேகை வைக்க நாளைக் காலையில் வரவேண்டும், வேறொன்றும் இல்லை.

மாரக்காள் கையெடுத்துக் கும்பிட்டாள். ராத்திரி செவ்வாய்ப்பேட்டையில் ஒன்றுவிட்ட தங்கை முத்தாயம்மாள் வீட்டில் தங்குவதாக முடிவு செய்துகொண்டு, சாயங்காலப் பஸ் கிளம்பும் இடத்துக்கு ஓடினாள். கண்டக்டர் சின்னுசாமி அவள் ஊர்ப் பக்கத்துப் பையன்.

“கண்ணு, எங்க கொழுந்தங்கிட்ட ஒரு சேதி சொல்லீரு. சேலத்துல கணக்குச் சொல்லியாச்சு, ஆபீசரு ஒத்துக்கிட்டாரு, வெள்ளிக்கெழம பந்தலுக்கே வாராரு. நான் நாளைக்கு மத்தியானம் வந்தர்றேன்.”

சின்னுசாமி தங்கமான பையன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் கொழுந்தன் கருப்பண்ணனிடம் சேதியைச் சேர்த்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் மைல் கல்லில் இறங்கும்போதே அவளுக்குச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. பந்தல் காலில் மாவிலை கட்டியிருந்தது. கருப்பண்ணன் புருவத்திலும் மீசையிலும் வெள்ளைப் புள்ளிகளோடு, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

“ஏனுங் நங்கை, எப்படி இருக்குதுன்னு பாருங்க! விடியால நாலு பேர்த்தக் கூட்டியாந்து அடிச்சுப்போட்டேன். மொதப் பூச்சுல செம்மண்ணு கரைஞ்சு செவசெவன்னு ஆயிப்போச்சுங்க. ஆபீசரு வாரப்ப அப்படி இருந்தா நல்லாவா இருக்கும்? இன்னும் ரெண்டு பூச்சுப் போட்டுட்டோம்.”

மாரக்காள் அறைக்குள் போனாள். மூன்று சுவரும் புதுத் துணி மாதிரி வெளுத்திருந்தன.

“ஏண்டா கருப்பா, ஆரு அடிக்கச் சொன்னா?” என்றாள்.

“நீங்கதானுங்க சொல்லியுட்டீங்க? கணக்குச் சொல்லியாச்சு, ஒத்துக்கிட்டாங்கன்னு. அப்பறம் செவுத்துல உட்டு வெக்கலாமுங்களா? நாளைக்கு அவரு வந்து பாத்தா, நம்மள நம்புலியான்னு கேக்க மாட்டாருங்களா?”

அவனைத் திட்ட வாய் திறந்தாள். தானே அவன் இடத்தில் இருந்திருந்தால் தானும் இதைத்தான் செய்திருப்பாள் என்று தோன்றியதும், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் கருப்பண்ணன் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு பேரும் கொட்டாங்குச்சியை எடுத்துச் சுரண்டிப் பார்த்தார்கள். ஈரச் சுண்ணாம்பு பிசுபிசுவென்று வந்தது, அதோடு செம்மண்ணும் வந்தது. சுரண்டிய இடத்தில் வெறும் கல் தெரிந்தது. சுரண்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு மாரக்காள் ஓவென்று அழுதாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கார் வந்தது. ஆபீசர் நல்ல மனுஷர்தான், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. வெயிலில் முகம் சிவந்து இறங்கினார். மாரக்காள் அப்போதுதான் புதுப் பானை திறந்து மோர் கொடுத்தாள். இரண்டு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, “அமிர்தம்மா” என்று சொன்னார். பிறகு அறைக்குள் போனார். சுவரைத் தொட்ட விரலைத் திருப்பிப் பார்த்தார்.

“ஈரமே காயலையே” என்றார். குரல் மாறியிருந்தது. “நான் வரேன்னு தெரிஞ்ச பிறகு அடிச்சிருக்கீங்க.”

கருப்பண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “தப்பு எம்பேர்லைங்க சாமி! எங்க ஊரு வழக்கமுங்க அது!” வழக்கத்தை அழுதுகொண்டே சொன்னான். சவரியாரும் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னார்.

“நான் நம்பறேன்” என்றார் ஆபீசர். “ஆனா நான் நம்பறதை அந்தப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதறது? பரிசோதனைக்கு முதல் நாள் கணக்கை அழிச்சிருக்காங்கன்னுதான் மேலே இருக்கிறவங்க படிப்பாங்க. சரி, வாயாலேயாவது சொல்லும்மா. போன வருஷம் எத்தனை பானை?”

“நூத்தி அறுவத்திரெண்டுங்க” என்றாள் மாரக்காள் பளிச்சென்று.

“அதுக்கு முந்தின வருஷம்?”

“நூத்தி… அந்த வருசம் தேர்க் கூட்டம் சாஸ்திங்க. நூத்தி எழுவதுங்களா… எழுவத்தஞ்சு…” அவள் கண் தானாக மேற்குச் சுவருக்குப் போயிற்று. அது வெள்ளையாக நின்றது. “செவுத்தப் பாத்தாத்தானுங்க எனக்கு வரும்” என்றாள்.

ஆபீசர் பெருமூச்சு விட்டார். ‘கணக்கு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிலத்தின் குத்தகைப் பணத்தைக் கொண்டு தருமத்தை ஆபீசே தொடர்ந்து நடத்தும், அதனால் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று தேறுதலும் சொன்னார். பாரத்தை வாங்கி மடித்த சவரியார் மாரக்காள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. காரில் ஏறும்போது மட்டும், “என்னால முடிஞ்சது இவ்வளவுதாம்மா” என்றார்.

“நீங்க என்ன சாமி பண்ணுவீங்க” என்றாள் அவள்.

கார் போனதும், பதினோரு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. செம்மண்ணைக் குழைத்து, அன்று திறந்த பானைக்காக வெள்ளைச் சுவரில் ஒரு பொட்டு வைத்தாள்.

மறுநாள் அவள் பானை திறக்கும் முன்பே ஆபீஸ் சேவகன் வந்து நிலத்தையும் பந்தலையும் பிடித்துக்கொண்டு அறையைப் பூட்டினான். ஆனியில் ஏலம் நடந்தது. நிலத்தை எடுத்தவன் வெளியூர்க்காரன், கிணற்றைச் சுற்றி முள் அடைத்தான். ஆபீஸ் நடத்துவதாகச் சொன்ன தருமம் ஆடியிலும் வரவில்லை, அடுத்த மாசியிலும் வரவில்லை. வண்டிக்காரர்கள் வெறும் பந்தல்காலைப் பார்த்து, “அம்மா இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த மாசியில் நோம்பி வந்தது. மணியக்காரர் சாவி வாங்கி வந்து அறையைத் திறந்தார். ஊர் கூடியது. மாரக்காளை யாரும் கூப்பிடவில்லை, அவளே வந்தாள். கற்பூரத்தை ஏற்றினாள். மூன்று சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“மத்ததெல்லாம் உனக்கே தெரியும் ஆத்தா” என்றாள். “செவுத்துல இருக்கறது ஒரு பானை. ஆபீசரு குடிச்சதுபோக மிச்சத்த வண்டிக்காரங்களுக்கு ஊத்திட்டேன்.”

ஊர் “செரி” என்று சொல்ல வேண்டும். ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கருப்பண்ணன் சுண்ணாம்பு வாளியைக் கையில் பிடித்தபடி, கற்பூரம் எரிந்து தீரும்வரைக்கும் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.