முன்னூற்றுப் பதினோராவது குத்து

நெவேன்காவை மேடையில் முன்னூற்றுப் பத்து முறை குத்திக் கொன்றிருக்கிறார்கள். சாக்ரெப்பில் தொடங்கி வியன்னா, மிலான், டோக்கியோ என்று பதினெட்டு வருடங்கள். குரோஷியாவில் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். ஒன்பது வயதில், மேலே குண்டு விழ, நிலவறையில் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டியவள். ஓபரா என்னும் பாட்டு நாடகத்தில், காதலன் கையால் குத்துப்பட்டுச் சாகும் பெண் வேடத்தில்தான் உலகம் அவளை அறிந்தது. முன்னூற்றுப் பதினோராவது குத்து அன்று மாலை ஆறு மணிக்கு, திருமயம் பக்கத்தில், அர்ச்சனா வீட்டு வளவில், உள்முற்றத்து மேடையில், விழுவதாக இருந்தது.

இதையெல்லாம் கார் டிரைவர் ஞானமணிக்குச் சொன்னவள் கச்சேரி ஏற்பாடு செய்த அர்ச்சனாதான்.

"கச்சேரி அன்னைக்கு அவங்க மேடை ஏறுற வரைக்கும் வாயே திறக்க மாட்டாங்க, ஞானமணி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தொண்டையில ஆபரேஷன். பாடலாம், கத்தக் கூடாது. ஒரு தடவை கத்தினாலும் தச்ச இடம் கிழிஞ்சிரும், அப்புறம் பாட்டே இல்ல. அடுத்த மாசம் வியன்னாவுல மறுபடி மேடை. நீங்க பேச்சுக் கொடுத்துராதீங்க."

"நானும் பேச மாட்டேன் மேடம்."

அது உண்மை. பத்து மாதமாக அவன் தேவைக்கு மேல் பேசியதில்லை. மனைவி கார்த்திகாவை இதே ரோட்டில் டிப்பர் லாரி அடித்துப் போட்டது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றி நின்றவர்களைக் கூப்பிட வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. நின்றவர்கள் கையில் போன் இருந்தது. யாரும் அவளைத் தொடவில்லை. இயற்பியல் படித்தவன், அதற்குப் பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டினான்.

இரண்டு மணிக்கு அவனும் நெவேன்காவும் புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினார்கள். பியானோ வாசிப்பவர் முன்னமே போய்விட்டார். அவள் போனும் அவரிடம்தான். கச்சேரி நாளில் அதைத் தொட மாட்டாளாம். தூசிக்காக வாயையும் கழுத்தையும் சேர்த்துத் துணி சுற்றியிருந்தாள். மடியில் ஒரு நோட்டு, பேனா. திருமயத்துக்கு முன்னால், ஒரு டீக்கடை அருகே பின் டயர் பஞ்சர் ஆனது.

கடைக்கார மீனம்மாள் அவளைப் பார்த்தவுடன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வெயில்ல நிக்காதீங்கம்மா. இங்கிட்டு வந்து உக்காருங்க. எந்த ஊரு நீங்க?"

நெவேன்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"பேச மாட்டாங்க" என்றான் ஞானமணி.

"ஊமையா?"

"இல்ல. இன்னைக்குப் பேச மாட்டாங்க."

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைச்சாமி சிரித்தார். "எம் பொண்டாட்டிக்கும் அப்படி ஒரு நாளு வாங்கிக் குடுங்க தம்பி. புண்ணியமாப் போகும்."

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். வெள்ளைச்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவந்தார். "தள்ளுங்க, நான் கழட்டுறேன். ஒத்தையா எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவீங்க?" ஜாக்கியை வைத்து ஏற்றினார். வீல் ஸ்பேனரை மிதித்து நட்டைத் தளர்த்தினார். பிறகு ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைத் திறந்தார்.

மேலே கிடந்த பாலித்தீன் பையைத் தூக்கினார். உள்ளே வெள்ளைக் கவுன். மார்பிலிருந்து இடுப்புவரை காய்ந்த சிவப்பு. பையிலிருந்து ஒரு குத்துக்கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

போன வாரம்தான் பக்கத்துக் கண்மாயில் ஒரு பெண்ணைச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று இன்னும் தெரியவில்லை. சாக்கைக் கரைக்கு இழுத்தவர்களில் வெள்ளைச்சாமியும் ஒருவர்.

"தம்பி, இது என்ன?"

"ரத்தம். டூப்பு."

"கத்தி எதுக்கு?"

"குத்துறதுக்கு."

"யாரை?"

"இவங்களை. ஆறு மணிக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் எப்படிச் சொல்லியிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. "பாடகி இவங்க. நாடகம்" என்றான். யாருக்கும் அது காதில் ஏறவில்லை.

"பாடகின்னா ஒரு பாட்டுப் பாடச் சொல்லு."

"பாட மாட்டாங்க."

"மொகத்துல ஒரு பயமாச்சும் இருக்கா பாரு அவனுக்கு" என்றான் கூட்டத்தில் ஒருவன். மரத்துப்போன முகத்தில் பயம் எங்கிருந்து வரும்? அர்ச்சனாவைக் கூப்பிட ஞானமணி போனை எடுத்தான். ஓர் அறை விழுந்தது. போன் கல்லில் பட்டுச் சிதறியது.

நெவேன்கா எழுந்து ஓடிவந்தாள். கைகளை விரித்துக் குறுக்கே நின்றாள். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். குரலைத் திறக்க முடியாது என்பதை அவள் நாட்டில் அப்படிச் சொல்வார்களோ என்னவோ.

மீனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "கழுத்த அறுத்துருவேன்னு மெரட்டி வச்சிருக்கான்யா."

அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. முதல் உதை முட்டிக்குப் பின்னால் விழுந்தது. மண்டியிட்டவனை முடியைப் பிடித்து நிமிர்த்தி மூக்கில் குத்தினார்கள். எலும்பு நொறுங்கியது அவனுக்கே கேட்டது. விலாவில் செருப்புக்கால்கள் மாறி மாறி விழுந்தன. ஒருவன் கொதிக்கிற டீயை முதுகில் ஊற்றினான். மீனம்மாள் நெவேன்காவைக் காப்பாற்றுவதாக நினைத்து இடுப்போடு கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அந்தப் பிடிக்குள் நின்றே நெவேன்கா நோட்டில் எழுதிக் கிழித்து நீட்டினாள். தாள் கை நழுவி விழுந்து மிதிபட்டது.

கால்களுக்கு நடுவே ஞானமணிக்கு அவள் முகம் தெரிந்தது. துணி அவிழ்ந்திருந்தது. வாய் திறந்தது. அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். வேண்டாம். இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறாள். தன்னிடம் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

வெள்ளைச்சாமி ஸ்பேனரோடு வந்தார். முதல் அடி தோளில். கை செத்து விழுந்தது. இரண்டாவது அடியில் நெற்றிக்கு மேல் பிளந்து, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. மூன்றாவதற்கு இரண்டு கையாலும் ஓங்கினார்.

அப்போது அவள் கத்தினாள்.

எண்பது வாத்தியங்களைத் தாண்டி, மைக் இல்லாமல், கடைசி வரிசைவரை போகப் பழக்கிய தொண்டை அது. கண்மாய்க் கரைக் கொக்குகள் மொத்தமாக எழும்பின. ரோட்டில் போன பஸ் பிரேக் போட்டு நின்றது. ஓங்கிய ஸ்பேனர் ஓங்கியபடி நின்றது. சத்தம் ஒரே உயரத்தில் நீண்டு, கடைசியில் துணி கிழிவதுபோல இரண்டாகி அறுந்தது.

மீனம்மாளின் பிடி விலக, அவள் நேராக நடந்தாள். தரையில் கிடந்த கத்தியை எடுத்து வைத்திருந்தவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். எல்லாரும் பார்க்க, தன் நெஞ்சில் பலம் கொண்டமட்டும் குத்திக்கொண்டாள். மீனம்மாள் அலறினாள். கத்தி வெளியே வந்தது. மறுபடி குத்தினாள். அலகு பிடிக்குள் போய்ப் போய் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வெள்ளைச்சாமியின் கையைப் பிடித்து விரித்து, அதை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அலகு உள்ளே போனது.

ஸ்பேனர் கீழே விழுந்தது.

ஆறு மணிக்கு ஞானமணி புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தான். நெற்றியில் பதினான்கு தையல். தோள் எலும்பு இரண்டு துண்டு. பக்கத்து நாற்காலியில் நெவேன்கா. அவள் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் அர்ச்சனாவை வெளியே அழைத்துப் பேசினார். திரும்பி வந்த அர்ச்சனா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வியன்னாவுக்கு மெயில் போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளைச்சாமி போலீஸோடு வாசலில் நின்றார். "தம்பி, ஒரு பொம்பளப் புள்ளைக்கு ஒண்ணுன்னா பாத்துக்கிட்டு நிக்க முடியல. அதுக்குத்தான் அடிச்சேன்."

"பத்து மாசத்துக்கு முன்னாடி வந்திருக்கலாம்" என்றான் ஞானமணி.

வெள்ளைச்சாமிக்குப் புரியவில்லை. போலீஸ்காரர் அவரை அழைத்துப் போனார்.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக வந்தவன் போனில் எதையோ போட்டான். அந்தக் கத்தல் வார்டு முழுக்க எழுந்தது. பஸ்ஸிலிருந்து யாரோ எடுத்திருக்கிறார்கள். "மூணு மணி நேரத்துல லட்சம் பேரு பாத்துட்டாங்க" என்றான் அவன். யார் குரல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நிப்பாட்டுய்யா" என்றான் ஞானமணி.

நெவேன்கா கையை உயர்த்தித் தடுத்தாள். இன்னொரு முறை போடச் சொல்லிச் சைகை காட்டினாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வேறு யாரோ பாடியதைக் கேட்பதுபோலக் கேட்டாள். பிறகு புதுத் தாளில் ஆங்கிலத்தில் எழுதி ஞானமணி பக்கம் திருப்பினாள்.

'அறுகிற வரைக்கும் சுருதி விலகவில்லை.'

அதற்குக் கீழே 311 என்று எழுதினாள். எழுதும்போதே இருமல் வந்தது. ரத்தத்துக்குக் கைக்குட்டை போதவில்லை. ஞானமணி கட்டுப் போடாத கையை நீட்டி, தன் கட்டிலடியில் இருந்த எனாமல் கிண்ணத்தை எடுத்து, அவள் வாய்க்குக் கீழே பிடித்தான்.