உப்பு நீர்க்காத அறை

மூன்றாவது அருங்காட்சியகத்தின் வாசலில் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரல்களை நீட்டி மடக்கினார். பாதம் வீங்கியிருந்தது. செருப்பு வார் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"உள்ள ஒரு நங்கூரம், ஒரு உடைஞ்ச கடிகாரம், முதல் பஸ்ஸோட போட்டோ. இருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு. நான் அப்புறமா வரேன்."

எட்டிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.

காலையிலிருந்து ஒரு வேனில் தீவைச் சுற்றிக்கொண்டிருந்தோம். முதல் அருங்காட்சியகம் மூடிப்போன ஒரு பள்ளியின் வகுப்பறை. இரண்டாவது கூட்டுறவுக் கடையின் மாடி. இது பழைய தந்தி ஆபீஸ். ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர்கள் வீட்டில் வைக்க இடமில்லாததையும் தூக்கிப்போட மனமில்லாததையும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முதல் அறையில் ஆர்வமாகத்தான் இருந்தது. இரண்டாவதில் பலகைகளைப் படிப்பதைப் பாதியோடு விட்டேன். இப்போது எதைப் பார்த்தாலும் ஏற்கனவே பார்த்தது போலவே இருந்தது. கண்ணுக்குள் மணல் போட்டமாதிரி ஒரு அலுப்பு.

நான் வேதியியல் படித்தவள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்தில், பொருட்கள் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை. மழைக்காலம் முடிந்ததும் இந்தத் தீவுக்கு வந்து, காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்த்து, கண்ணாடிப் பெட்டிகளுக்கு அடியில் வைத்த ஒட்டும் அட்டைகளை எடுத்து, என்னென்ன பூச்சி சிக்கியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போவேன். பேசுவதற்கு முன் வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பூச்சிகளிடம் அந்தத் தொந்தரவு இல்லை. இந்த முறை என் அதிகாரியான மேடமும் கூட வந்ததற்குக் காரணம், எங்கள் அருங்காட்சியகத்தில் குழந்தைகளின் வாழ்க்கையைப் பற்றி ஒரு புதிய கூடம் திறக்கப் போகிறார்கள். அதற்குப் பொருள் எடுக்க வேண்டும். இதுவரை ஒரு மரப் படகுப் பொம்மையும் பால் புகட்டும் கிண்ணமும் கிடைத்திருந்தன. துணிமணி எதுவும் கிடைக்கவில்லை. இரண்டாவது அருங்காட்சியகத்தின் தொட்டில் துணியை அந்துப்பூச்சி அரித்துவிட்டிருந்தது. அட்டையில் சிக்கிய அந்து ஒன்றை உறையில் போட்டு என் பையில் வைத்திருந்தேன்.

அதே கூட்டுறவுக் கடை மாடியில் ஒரு வெறும் மேடை இருந்தது. 'பெரிய நங்கூரம். கண்காட்சிக்காக எடுத்துச் செல்லப்பட்டுள்ளது' என்ற பலகையில் போட்டிருந்த வருடத்தில் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்தவர் மேடத்திடம் அதைப் பற்றிக் கேட்டார். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "வரும் வரும்" என்றார். வேனில் ஏறியபிறகு, "அது எந்த கோடவுன்ல கெடக்கோ, யாரு கண்டா" என்றார்.

தந்தி ஆபீஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை ஊரில் சாவியக்கா என்பார்கள். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி எப்போதும் தொங்கும். என்னைப் பார்த்ததும், "பூச்சிப் பொண்ணு வந்தாச்சா? என்ன இப்படி எளச்சுப்போயிட்ட? அங்க சோறு போடறாங்களா, பூச்சி மருந்துதான் குடுக்கறாங்களா?" என்றார். நான் சிரித்தேன். பதில் தயாராவதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

தீவிலேயே இந்த ஒரு அறையில்தான் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இருக்கிறது. போன வருடம் நாங்கள்தான் அனுப்பினோம். அது ஒரு மூலையில் முனகிக்கொண்டே இருக்கும். நான் ஒட்டும் அட்டையை எடுக்கக் குனிந்தபோது, இயந்திரத்துக்குப் பின்னால் உப்புப் பொட்டலங்களும் தீப்பெட்டிகளும் விதை கட்டிய துணி முடிச்சுகளும் யாருடைய கல்யாண ஆல்பமோ ஒன்றும் இருந்தன. போன முறையும் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை. இந்த முறை மேடமும் குனிந்தார்.

"என்னம்மா இது? மியூசியமா, உங்க வீட்டு அடுக்களையா?"

"மழைக்காலத்துல ஊர்ல உப்பெல்லாம் நீர்த்துப்போயிடுது மேடம். இங்க வச்சா நாலு நாள்ல மணலாட்டம் உதிருது. அதான் எல்லாரும் கொண்டாந்து வைக்கறாங்க. காஞ்சதும் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"ஆல்பத்தையுமா?"

"அது ஒட்டிக்கிச்சாம். புருஷன் மூஞ்சி ஒரு பக்கம், பொண்டாட்டி மூஞ்சி ஒரு பக்கம் போயிடும்போல இருக்குன்னு தூக்கிட்டு ஓடியாந்துச்சு அந்தப் பொண்ணு."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். ஜன்னலோரப் பெட்டிக்கு முன்னால் நின்றார்.

நீலத் துணி விரித்த பெட்டிக்குள் ஒரு கவுன் இருந்தது. வெளிர் மஞ்சள். கழுத்தில் சின்னதாக வளைவு, முதுகில் கட்ட இரண்டு நாடா, வலப்பக்கம் ஒரு பை. பை கொஞ்சம் கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. மேடம் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "ஏறத்தாழ நூறு வருஷம்னு போட்டிருக்கு. எவ்வளவு நல்லா இருக்கு பாரேன்! இதான் வேணும். பொட்டலம் கட்டிடு, சாயந்தரக் கப்பல்லயே எடுத்துட்டுப் போயிடலாம்." அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

சாவியக்கா பெட்டியைத் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கொத்திலிருந்த எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்தார்.

எந்தத் துணியையும் எடுப்பதற்கு முன் நான் புற ஊதா விளக்கை அடித்துப் பார்ப்பேன். பூஞ்சையும் பூச்சி எச்சமும் அதில் தெரியும். கவுன் சுத்தமாக இருந்தது. ஆனால் விளிம்பு நெடுக, கோணல் பையைச் சுற்றிலும், தையல் நூல் நீலமாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்கிற நூலை ஆலைகள் தயாரிக்கத் தொடங்கியது பிற்காலத்தில்தான். விளக்கை அணைத்தேன். மறுபடி போட்டேன். நூல் அப்படியே ஒளிர்ந்தது. எங்கள் வீட்டுத் தையல் பெட்டியில் இருக்கிற நூல்.

"அக்கா, இது நூறு வருஷத்துத் துணி இல்ல."

சாவியக்கா வாசலைப் பார்த்தார். மேடம் முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"நான் நூறுன்னு சொல்லல. கணக்கெடுக்க வந்தவங்க, எவ்வளவு நாள் பழசுன்னு கேட்டாங்க. ரொம்ப நாளாச்சுன்னு சொன்னேன். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

நான் விளக்கைப் பைக்குள் வைத்தேன். அவரே சொன்னார். குரல் இயந்திரத்தின் முனகலுக்கு மேல் எழவில்லை.

"புள்ள போனப்புறம், எங்க வீட்டுக்காரர் அவளோடது எதுவும் கண்ணுல படக்கூடாதுன்னுட்டார். எல்லாத்தையும் குடுத்தாச்சு. இத மட்டும் அரிசிப் பானைக்கு அடியில வச்சிருந்தேன். ரெண்டு மழைக்குள்ள பூஞ்சை புள்ளி புள்ளியா வந்துடுச்சு. தொடச்சு எடுத்துட்டு இங்க வந்துட்டேன். உப்பு காயற எடத்துல இது காயாதா? கீழ வச்சா யாராவது எடுத்துடுவாங்க. பெட்டிக்குள்ளன்னா பூட்டு இருக்குல்ல."

"அண்ணனுக்குத் தெரியாதா?"

"தெரியாது. அட்டை எழுதித் தாங்கன்னு கேட்டேன். யாரோ ஒரு கவுன் குடுத்தாங்கன்னு சொன்னேன். எழுதிக் குடுத்துட்டார். நிமிந்துகூடப் பாக்கல. ஆம்பளைங்க துணியெல்லாம் எங்க பாக்கறாங்க."

அவர் கணவர் படகுகளுக்குப் பெயர் எழுதுகிற பெயின்டர். இந்த அறையின் எல்லா அட்டைகளும் அவர் கையெழுத்துதான். மற்ற எல்லாவற்றிலும் யார் கொடுத்தது, எந்த வருடம் என்று இருந்தது. இதில் மட்டும், 'குழந்தையின் கவுன். இந்த ஊரில் அணிந்தது.' அவ்வளவுதான்.

நின்றபடி யோசித்தேன். மேடத்திடம் நூலைப் பற்றிச் சொன்னால், கவுன் பெட்டியை விட்டு வெளியே வந்துவிடும், சாவியக்காவின் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தும் போய்விடும். சொல்லாவிட்டால், சாயந்தரக் கப்பல். அப்புறம் அந்த நங்கூரம் கிடக்கிற கோடவுன். இரண்டு வாக்கியங்களையும் மனதுக்குள் சொல்லிப்பார்த்தேன். இரண்டுமே வாயில் வரவில்லை.

அந்த நேரத்தில் பெயின்டர் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தார். விரல் நகங்களில் பச்சை பெயின்ட். தோளில் ஒரு துண்டு. மேடத்துக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஜன்னலோரப் பெட்டிக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஃபேனுக்குக் கீழ உக்காருங்களேன், வேர்க்குது உங்களுக்கு" என்றார் மேடம்.

"இங்கயே நல்லாருக்கு மேடம். பழகிப்போச்சு."

"அந்தக் கவுன நாங்க எடுத்துட்டுப் போறோம். புது அட்டை ஒண்ணு எழுதி வைங்க. கண்காட்சிக்காக எடுத்துச் செல்லப்பட்டுள்ளதுன்னு."

அவர் தூக்கின் மூடியைத் திறந்தார். பிறகு மூடினார்.

"எப்ப வரும்?"

"வரும் வரும்."

"அந்தக் கூட்டுறவுக் கடை மாடி நங்கூரம் வந்துடுச்சா மேடம்?"

மேடம் பட்டியலைப் புரட்டினார். பெயின்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கப்பல்ல எல்லாத்தோடயும் போட்டுக் கசக்கிடுவாங்க. நாலு வயசுப் புள்ள கவுன். கையெல்லாம் ரொம்பச் சின்னது."

வயது அட்டையில் இல்லை. பட்டியலிலும் இல்லை. சாவியக்காவின் கையில் இருந்த கொத்து ஒருமுறை சத்தமிட்டு நின்றது. அவர் கணவரைப் பார்த்தார். பெயின்டர் தூக்கை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே, கை கழுவப் பின்பக்கம் போய்விட்டார்.

நான் பையைத் திறந்து உறையை எடுத்தேன்.

"மேடம், பூச்சி."

வாக்கியத்தைச் சொல்லிப்பார்க்காமலே சொல்லிவிட்டேன். குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. மேடம் உறைக்குள் பார்த்தார். அந்து சிறகை ஒடுக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது.

"இதுலயா?"

"துணி அந்து. முட்டை இருந்தா கண்ணுக்குத் தெரியாது. நம்ம துணிக் கூடத்துக்குள்ள போச்சுன்னா..."

மேடம் இரண்டடி பின்னால் போனார். எங்கள் துணிக் கூடத்தில் முன்பு ஒருமுறை அந்து புகுந்து, அவர் மேலதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லி அரை ஆளாகிப் போனது எனக்குத் தெரியும். "ஐயோ வேண்டாம். வேண்டவே வேண்டாம். மறுபடி என்னால முடியாது. பாலிதீன்ல சுத்தி ஐஸ் கம்பெனி ஃப்ரீசர்ல போடச் சொல்லு, குளிர்ல முட்டையெல்லாம் சாகட்டும். அடுத்த தடவை நீ வரும்போது பாத்துக்கலாம்." பிறகு கோபம் சாவியக்கா பக்கம் திரும்பியது. "எல்லாம் இதனாலதான். விதையும் உப்பும் கொண்டாந்து வச்சா பூச்சி வராம என்ன வரும்? இன்னிக்கே எல்லாத்தையும் வெளிய எடுங்க. ஒரு தீப்பெட்டிகூட இருக்கக் கூடாது."

"சரிங்க மேடம்."

இனி ஊரின் உப்பு எங்கே காயும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பிறகுதான் யோசித்தேன்.

கவுனைத் தூக்கியபோது அடியில் விரித்திருந்த நீலத் துணியில் அதன் வடிவம் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிலும் வெளுத்துப்போய், கவுன் மறைத்திருந்த இடம் மட்டும் அடர்நீலமாக, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கிடந்தது. சாவியக்கா அதைப் பார்த்தபடி பாலிதீனைப் பிடித்துக்கொண்டார். நான் மெல்லிய காகிதம் வைத்து மடித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, டேப் ஒட்டினேன். மேடம் வேனுக்குப் போய்விட்டார்.

"குளிர் அவளுக்கு ஆகாது" என்றார் சாவியக்கா. "தலைக்கு ஊத்தினாலே ராத்திரி இருமுவா."

"ஃப்ரீசர்ல போட வேண்டாம்க்கா. இதுல பூச்சி இல்ல. அது வேற ஊர்ப் பூச்சி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. போட்டாச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

"வீட்டுக்கா?"

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. ஈரம் வழியும் சுவர், அரிசிப் பானை, எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றும் பேசாத சாப்பாட்டு நேரங்கள். நான் மிச்ச டேப்பைப் பைக்குள் போடும்போது பெயின்டர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"ஐஸ் கம்பெனிக்குத்தானே? குடுங்க. நான் எடுத்துட்டுப் போறேன்."

சாவியக்கா வாயைத் திறந்தார். பொட்டலத்தை விடவில்லை. பெயின்டர் கையை நீட்டியபடியே நின்றார். நகத்துப் பச்சை கழுவியும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டலம் கை மாறியது. வேன் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏறினேன்.

வேனைத் திருப்ப இடம் போதவில்லை. டிரைவர் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மேடம் காலைத் தூக்கி எதிர் சீட்டில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "பூச்சின்னாலே எனக்கு உடம்பெல்லாம் அரிக்குதும்மா" என்றார்.

கடலோரச் சாலையில் பெயின்டர் நடந்துபோவது தெரிந்தது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்திருந்தார். கக்கத்தில் இடுக்கிக்கொள்கிற அளவுதான் அது. ஆனால் ஒரு கையை அடியில் கொடுத்து, இன்னொரு கையை மேல் பக்கம், தலை இருக்கும் இடத்தில் வைத்திருந்தார். காற்று பலமாக வீசியது.

சாவியக்கா வெளியே வந்தார். இடுப்பில் கொத்து குலுங்க ஓடினார்.

"கதவப் பூட்டாமப் போறாங்க பாரு" என்றார் மேடம், ஒரு கண்ணைத் திறந்து.

கணவரை நிறுத்தி, பூச்சி இல்லை என்ற உண்மையைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பெயின்டர் காலடிச் சத்தம் கேட்டு நின்றார். திரும்பவில்லை. சாவியக்கா அருகில் போய், அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, பொட்டலத்தின் மேல் போர்த்தினார். காற்று ஒரு ஓரத்தைத் தூக்கியது. மறுபடி போர்த்தினார். துண்டின் நுனியை உள்ளே செருகி முடிக்கும்வரை பெயின்டர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.