இமெல்டாவின் தமிழாக்கம்

2004இல் என் மனைவி இமெல்டா என்னை ஒரு பின்லாந்துப் படத்துக்கு இழுத்துப் போனாள். அதில் கணவன் ஓர் ஏரியளவு குடித்தான். மனைவி பேசாமல் உறைந்திருந்தாள். திரையின் கீழே ஓடிய பிரெஞ்சு வசனம் எனக்குப் புரியாததால் இமெல்டா காதுக்குள் தமிழாக்கினாள்.

படத்து மனைவி ஒருவழியாக இரண்டே சொல் பேசினாள். இமெல்டாவின் தமிழ் அரை மணி நேரம் ஓடியது.

"கராஜுக்குள்ள போத்தல் ஒளிச்சு வைச்சிருக்கிறது தனக்குத் தெரியுமாம். இனியும் குடிச்சால் பியர்பொன்ட்ஸில மகளோட போய் இருந்திடுவாவாம்."

"எங்கட மகள் இருக்கிற பியர்பொன்ட்ஸ் பின்லாந்திலயும் இருக்கோ?"

"கதையாமல் படத்தைப் பாருங்கோ!"

எனக்கு வியர்வை வெள்ளமாகப் பெருகி முன்வரிசை வரை ஓடியது.

"அதுக்கு அவன் என்ன சொல்றான்?"

"இன்னும் வாய் திறக்கேல்லை," என்று திரையை விட்டு என்னைப் பார்த்தாள்.

"வீட்டை போனதும் எல்லாப் போத்தலையும் சிங்குக்குள்ள ஊத்திப்போடுறானாம்," என்றேன். பின்லாந்து மொழி எனக்கும் அந்த நிமிடமே வந்துவிட்டது.