பிரவுனிக்குப் போன சொற்கள்

கொரட்டூர் ஜோசப்ராஜின் சொற்கள் அவர் வளர்த்த நாய்க்குப் போய்ச் சேர்ந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய தவக்காலத்தில். சாம்பல் புதனன்று காலை, தட்டின் முன் உட்கார்ந்தவர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்; வரவில்லை. மேசைக்கு அடியில் படுத்திருந்த பிரவுனி, அவருடைய கட்டைக் குரலில், "உப்பு" என்றது. மனைவி ஞானகுமாரி உப்பை எடுத்து வைத்த பிறகுதான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

அதன்பின் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயின. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தேழு வருடம் லேத் ஓட்டியவர். முதலில் கருவிகளின் பெயர்கள், பிறகு கோயில் பாட்டுகள், பெரிய வெள்ளிக்கு முதல் நாள் மனைவியின் பெயர். ஸ்கேனில் மூளையில் ஒரு குறையும் இல்லை. தெருக்காரர்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கோடை மின்வெட்டு வந்து பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

நாய் ஓயாமல் பேசியது. ஆனால் அதன் மோப்பம் போய்விட்டது. கெட்டுப்போன வஞ்சிரத்தை "மீனு, மீனு" என்று சொல்லிக்கொண்டே தின்று வாந்தியெடுத்தது. ஜோசப்ராஜோ, வீடு திரும்பும் மகள் ஃபெபி பாடி மேம்பாலத்தைத் தாண்டும்போதே மோப்பம் பிடித்து எழுந்துபோய் கேட்டைத் திறந்து வைத்தார். சொல்லே இல்லாத தலைக்குள் தன்னை எந்த இடத்தில் வைத்திருப்பார் என்று நினைத்து ஞானகுமாரி பல நாள் சமையலறையில் அழுதாள்.

ஐப்பசி மழையில் அவர் அவளுடைய இடது அக்குளருகே மூக்கை வைத்து முனகத் தொடங்கினார். விலக்கினாலும் திரும்ப வந்தார். நான்காம் நாள் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"இன்னா சொல்றாரு இவரு?" என்று நாயைக் கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும் குமாரி? வார்த்த என்னாண்ட கீது. மத்ததெல்லாம் அவராண்ட கீது" என்றது நாய், அவர் குரலிலேயே. "பயந்துகினு கீறாரு. அத்த மட்டும் பாத்தா தெரியுது."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி. கையில் தட்டுப்படாத ஆழத்தில் இருந்ததை எப்படிக் கண்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "ஊட்டுக்காரர் சொன்னாரு" என்றாள் ஞானகுமாரி.

கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போதும் கறிகாய், கரண்ட், ஃபெபியின் கல்யாணம் என்று எதையும் அவள் பிரவுனியிடம்தான் பேசுகிறாள். ஞாயிறு பூசைக்குக் கிளம்புமுன் மட்டும் கணவரிடம் போய் நிற்கிறாள். அவர் தழும்பருகே மூக்கை வைத்து, நிதானமாக மூச்சை இழுத்து, முகத்தைத் திருப்பி வெயிலில் படுத்துக்கொள்கிறார். அவள் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள்.