ஆறாவது துண்டு

கேதீஸ்வரியின் இரைப்பையில் மிச்சமிருந்தது இவ்வளவுதான். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு மெழுகுக் கட்டி. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு துணுக்குத் தசை. உடையவள் செத்து ஒரு மாதமாகியும் துணுக்கு அப்படியே இருந்தது.

பிரஷாந்தி அதை மேசையில் வைத்துவிட்டு, கேதீஸ்வரி உயிரோடிருந்தபோது எடுத்த இரத்தத்துக்குக் கொழும்பிலிருந்து அன்று காலையில் வந்த பரிசோதனை முடிவைத் திரும்பவும் படித்தாள். சந்தேகமே இல்லை. இது பரம்பரையாக வந்த புற்றுநோய்.

அவள் நோயியல் டொக்டர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டைக் கண்ணாடியில் ஒட்டி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்கிற வேலை. மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் இளம் வயதிலேயே இரைப்பைப் புற்றுநோய் ஏன் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். பெரியகல்லாற்றுக் கேதீஸ்வரிக்கு வயது முப்பத்தெட்டு. நல்ல இரைப்பையில் செல்கள் சுவரில் செங்கல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். கேதீஸ்வரியின் செல்கள் பிடி விட்டு, சளி நிரம்பி ஊதி, கல் வைத்த மோதிரம் மாதிரி தனித்தனியே அலைந்தன. இந்த நோய் கட்டியாக எழும்பாது. மேல்தோல் பளபளவென்று இருக்க, அடியில் பரவும்.

பரம்பரை நோய் என்றால் வீட்டில் வேறு யாருக்காவது வந்திருக்க வேண்டும். ஆனால் உயிரோடு இருந்தபோது கேதீஸ்வரி அடித்துச் சொன்னாள், எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்லை என்று.

குடியைக் கேட்கிற கேள்வியைப் பற்றிப் பிரஷாந்திக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆராய்ச்சி தொடங்கிய காலத்தில், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்றுதான் எல்லோரையும் கேட்டாள். சனம் தங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழ் படுக்கிறவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு இல்லை என்றது. மட்டக்களப்பு நாவற்குடாவில் பிறந்தவளுக்கு இது விளங்காதா? வம்சத்தைக் குடி என்கிற ஊர்ப் பேச்சிலேயே கேட்டாள். “உங்கட குடியில யாருக்காவது?” என்று ஒரு சொல்லை மாற்றியதும் வாய்கள் திறந்தன. நாலு தலைமுறைக்கு முன் செத்தவர்களும் எழும்பி வந்தார்கள். கொழும்பில் ஒரு கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது கை தட்டினார்கள்.

அன்றைக்குக் கேதீஸ்வரியின் முப்பத்தோராம் நாள் கருமம். கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். இரத்தம் தரக் கேட்டுப் பார்க்கலாம் என்று பிரஷாந்தி குப்பிகளைப் பையில் எடுத்து வைத்தாள். ஆய்வுகூடத்தில் மெழுகுக் கட்டிகளைச் சீவும் அஸ்பாக் வாசலில் நின்று பார்த்தான். காத்தான்குடிக்காரன். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவன்.

“கருமத்துக்கு ஊசியோட போற முதல் ஆள் நீங்கதான் டொக்டர். சோறு தாறாங்களோ, அடி தாறாங்களோ தெரியா.”

சோறுதான் கொடுத்தார்கள்.

பெரியகல்லாற்றில் முற்றத்துப் பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தது. கேதீஸ்வரியின் அண்ணன் அருமைநாயகம் பிரஷாந்தியைக் கையோடு கூட்டிப்போய் உட்கார வைத்தார். கடைசி வரைக்கும் தங்கச்சி உங்களைப் பற்றித்தான் பேசினாள் என்றார். அறுபது வயது மனிதர். மெலிவில்லை, இருமலில்லை, தோணி தள்ளிய தோள்.

எதிர்வரிசையில் ஒரு இளைஞன் இருந்தான். அதுவரை ஓடியோடிப் பரிமாறியவன், அப்போதுதான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். மூன்று வாய் அள்ளி வைத்தான். நிறுத்தினான். நெஞ்சுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினான். இலையை மடித்தான்.

பிரஷாந்தியின் கை சோற்றிலேயே நின்றது.

இந்த முகம் தெரிந்த முகம். ஆனால் அப்போது கன்னத்தில் சதை இருந்தது. இடுப்புப் பட்டியில் ஆணியால் குத்திய புது ஓட்டை. பட்டியின் மிச்சம் நாக்கு மாதிரித் தொங்கியது. தனோஜன். வெல்லாவெளி. வயிற்றெரிவு என்று மாசி மாதம் வந்தவன். வாய் வழியாகக் கமரா விட்டு இரைப்பையில் ஆறு துண்டு எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆறும் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். ஆஸ்பத்திரி நடையில் கண்டபோது வாயாலும் சொன்னாள், பயப்பட ஒன்றும் இல்லை என்று.

அவனும் அவளைக் கண்டுவிட்டான். சிரித்துக்கொண்டு எழும்பி வந்தான்.

“என்ன டொக்டர், எங்கட வீட்டுச் சோறு உங்களுக்கும் இறங்கல்லையா?”

“நீங்க எப்படி இங்க?”

“என்ட மாமிதானே செத்தது. அப்பாட கூடப்பிறந்த தங்கச்சி.” அருமைநாயகத்தைத் தாடையால் காட்டினான். “அந்தா நிக்காரே, அவர்தான் அப்பா.”

பந்தலின் சத்தம் எங்கேயோ தூரத்தில் போனது.

“தம்பி, நான் உங்களக் கேட்டனே. யாருக்காவது இருந்ததா எண்டு.”

“குடியில எண்டுதானே கேட்டீங்க?” தனோஜன் உண்மையாகவே குழம்பினான். “அந்த நேரம் மாமிக்கு வருத்தம் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. தெரிஞ்சிருந்தாலும் மாமி வேற குடிதானே டொக்டர். நான் அம்மாட குடி.”

அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடி. தகப்பன் வேறு குடி. கல்யாணம் முடித்தால் ஆண் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அப்படித்தான் தனோஜனும் கல்யாணம் முடித்து வெல்லாவெளிக்காரன் ஆனான். மாமிக்கும் மருமகனுக்கும் ஊர் வேறு, குடி வேறு. பிரஷாந்தியிடம் இருவரும் வந்தார்கள். அவள் கேட்ட கேள்விக்கு இருவரும் சரியான பதில் சொன்னார்கள்.

அவள் அருமைநாயகத்திடம் போனாள். கை கழுவவில்லை.

“ஐயா, உங்கட அப்பா என்ன நோயில மோசம் போனவர்?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சோறு இறங்காமத்தான் புள்ள. வயித்தில கைய வெச்சுக்கிட்டே இருப்பார். கஞ்சியும் தங்காது. அவர்ட தம்பியும் அப்படித்தான். ஏன் கேக்கிறீங்க?”

“கேதீஸ்வரி அத எனக்கிட்டச் சொல்லல்லயே.”

“அப்பா ஆக்கள் வேற குடிதானே புள்ள” என்றார் அருமைநாயகமும்.

நோய் ஒவ்வொரு முறையும் ஆண் வழியாகக் கடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் குடி மாறியது. குடி மாறிய இடத்தில் ஞாபகம் அறுந்தது. அருமைநாயகத்தை அது ஒன்றும் செய்யவில்லை. சிலரை அப்படி விட்டுவிடும். அவர் கையில் கொடுத்து, மகனிடம் சேர்ப்பித்துவிட்டது.

இரத்தக் குப்பிகளைப் பிரஷாந்தி வெளியே எடுக்கவேயில்லை. நாளைக் காலையில் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், இன்னொரு தரம் கமரா விட்டுப் பார்க்கப்போகிறோம் என்று மட்டும் தனோஜனிடம் சொன்னாள். வாவியில் போட்ட நண்டுக்கூடு எடுக்கிற நேரம் டொக்டர், நாளையன்றைக்கு வாறன் என்றான். நாளைக்குத்தான் என்று அவள் சொன்ன விதத்தில் அவன் சிரிப்பை நிறுத்தினான்.

ஆய்வுகூடத்துக்குத் திரும்பியதும் மாசி மாதத்துக் கட்டியை எடுக்கச் சொன்னாள். மெழுகுக்குள் ஆறு துண்டுகளும் அரிசி மணிகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன.

“இது சுத்தம் எண்டு அனுப்பினதுதானே?” என்றான் அஸ்பாக்.

“அடி வரைக்கும் சீவு.”

எந்தக் கட்டியையும் முழுதாகச் சீவுவதில்லை. மேலாக நாலைந்து சீவல் எடுத்துப் பார்ப்பார்கள். மிச்சம் மெழுகுக்குள் தூங்கும். சீவிக் குறைத்தால் பிறகு தேவைப்படும்போது தசை இருக்காது. குடும்பத்தில் இந்த நோய் இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் அடி வரைக்கும் போவார்கள். அப்படிப்பட்ட குடும்பம் என்றால், துண்டில் ஒன்றும் காணாவிட்டாலும் இரைப்பையையே எடுத்துவிடலாமா என்று சத்திரசிகிச்சை டொக்டரோடு பேச்சு நடக்கும். எடுத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டு பேரப்பிள்ளை காணும் வரைக்கும் இருப்பார்கள்.

கத்தி போய் வந்தது. மெழுகு ரிப்பன் சுருண்டு இறங்கியது. அஸ்பாக் அதைத் தூரிகையால் எடுத்து, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தினான். இந்த முறை அவன் பகிடி விடவில்லை.

முதல் துண்டு சுத்தம். இரண்டாவதும் அப்படியே. கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஐந்தாவதும் சுத்தம். ஒருவேளை, என்று அவள் மனதில் நம்பிக்கை மெல்லத் தலையெடுத்தது. ஒருவேளை இவனுக்கு வெறும் புண்ணாக இருக்கலாம். இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு வராமலே போகிற நோய்தானே.

ஆறாவது துண்டு.

மேல்தோல் ஒழுங்காக இருந்தது. அதற்கு அடியில், இரண்டு சுரப்பிகளுக்கு நடுவே, ஏழெட்டு மோதிரங்கள்.

அவள் நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள். அங்கேயே இருந்தன. அவள் மாசியில் பார்த்து நிறுத்திய சீவலுக்குத் தலைமயிர் அளவுதான் கீழே. நிம்மதியாகப் போ என்று அவள் அவனை அனுப்பியபோது இவை மெழுகுக்குள் இருந்தன. அவனுடைய வயிற்றுக்குள்ளும் இருந்தன.

“இரிக்கா?” என்று அஸ்பாக் கேட்டான்.

அவள் எழும்பி இடம் விட்டாள். அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கும் பார்க்கத் தெரியும்.

மறுநாள் கமரா அறையில் அவள் சத்திரசிகிச்சை டொக்டருக்குப் பின்னால் நின்றாள். திரையில் இரைப்பை தெரிந்தது. காற்று ஊதினால் பலூன் மாதிரி விரிய வேண்டும். அவர் ஊதினார். விரியவில்லை. இன்னும் ஊதினார். பதப்படுத்திய தோலில் தைத்த பை மாதிரி அது விறைத்து நின்றது. மாசியில் நல்லா விரிந்ததே என்று அவர் தனக்குத்தானே சொன்னார். ஸ்கேனில் வயிற்றுக்குள் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி அனுப்பினார்கள். கண்ணாடியில் மோதிரங்கள் மிதந்தன.

வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

தானே சொல்வதாகப் பிரஷாந்தி கேட்டு வாங்கினாள். தனோஜனையும் அருமைநாயகத்தையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தாள். மருந்து ஏற்றலாம், நாள் கூடும், நோய் போகாது என்றாள். மாசியில் கேள்வியைப் பிழையாகக் கேட்டது நான் என்றும் சொன்னாள். அப்பா வழியைக் கேட்டிருந்தால், மாமிக்கு வருத்தம் தெரிய முதலே தாத்தாவைப் பற்றித் தெரிந்திருக்கும், கட்டியை அப்போதே அடி வரைக்கும் சீவியிருப்பேன், இப்போது உங்களுக்கு இரைப்பை இருந்திருக்காது, உயிர் தப்பியிருக்கும்.

தனோஜன் தன் பட்டியின் தொங்கலைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அருமைநாயகம் சுவரைப் பார்த்தார்.

“எனக்கு நீங்க பயப்பட ஒண்டும் இல்ல எண்டு சொன்னீங்க” என்றான். கோபமாகக்கூட இல்லை. “அத நம்பி நான் எரிவுக்குத் தந்த குளிசையப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சன்.”

அவள் தலையாட்டினாள்.

“சரி. ஒண்டு மட்டும் நல்லம் டொக்டர்.” அவன் கதவுப் பக்கம் பார்த்தான். வெளியே நீள வாங்கில் உட்கார்ந்து அவன் மனைவி அஜந்தா நாலு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “மகள் அஜந்தாட குடி. வேற குடி.”

பிரஷாந்தி அவனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி, இது குடி பாக்காது.”

அவன் முகம் அப்போதுதான் உடைந்தது. தனக்காக உடையாத முகம்.

மகளுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று அவள் விளக்கினாள். இப்போது குழந்தைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. பதினெட்டு வயதில் இரத்தம் பார்க்க வேண்டும். இருந்தால் நோய் வர முதலே இரைப்பையை எடுத்துவிடலாம். மறக்காமல் இருந்தால் போதும்.

“நான் இருந்தாத்தானே மறக்காம இருக்க” என்றான் தனோஜன். “அவ அங்க, வெல்லாவெளியில, அவட குடி ஆக்களோட வளரப்போறா. இன்னும் கொஞ்ச வருசத்தில என்ட பேரே அந்த வீட்டில இருக்காது. அப்பாட ஆக்களப் பத்தி யாரு சொல்லப்போறாங்க?”

ஆஸ்பத்திரிக் கொப்பியில் எழுதி வைப்பேன் என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். பதினாலு வருடம் ஒரு கொப்பி எங்கே இருக்கும் என்று நினைத்து வாயை மூடினாள்.

தனோஜன் எழும்பினான். வெளியே போய் மகளுக்கு முன்னால் குந்தினான். வயிறு வலித்திருக்க வேண்டும், ஒரு கையால் வாங்கைப் பிடித்துக்கொண்டான். அஜந்தா அவன் முகத்தைப் பார்த்தாள். கண் நிரம்பியது.

“மகள், அப்பாக்கு ஒரு விளையாட்டுத் தெரியும். நான் பேர் சொல்லுவன், நீங்களும் சொல்லணும். வீரக்குட்டி.”

“வீரக்குட்டி” என்றாள் குழந்தை. அந்தப் பெயர் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

“அவர் அப்பாட தாத்தா. சோறு இறங்காமச் செத்தவர். அடுத்தது கேதீஸ்வரி.”

“கேதீஸ்வரி.”

“அவ எனக்கு மாமி. எங்க, ரெண்டு பேரையும் சேத்துச் சொல்லுங்க.”

“வீரக்குட்டி, கேதீஸ்வரி.”

அறை வாசலில் நின்ற அருமைநாயகம் தோளில் கிடந்த துவாயை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“பிறகு யாரு?” என்று குழந்தை கேட்டது.

தனோஜன் அவளுடைய கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தான்.

“பிறகு அப்பா.”